கோர்பேக்கு நாலு கண்

என் தங்கை முர்வாரீத் ஜெயித்தவை இவை. சிறுமியாக இருந்தபோது கழுதைப் பந்தயம். அவள் ஏறிய கழுதைக்கு ஒரு கால் சாய்வு, எதிரே நின்றவர்கள் எல்லாரும் பையன்கள். பிறகு எங்கள் மாதுளைத் தோட்டத்துக்கு வரவேண்டிய தண்ணீர் முறை. பக்கத்துத் தோட்டக்காரர் அப்பா காலத்திலிருந்து திருடிக்கொண்டிருந்ததை, வாய்க்கால் ஓரத்தில் உட்கார்ந்து பாட்டுப் பாடியே திரும்ப வாங்கினாள். பாட்டு முழுக்க அவர் பெயர்தான். பிறகு, பெண் கேட்டு வந்த இரண்டு மாப்பிள்ளைகளிடமிருந்து விடுதலை. மூன்றாவது ஆளை அவளே தேர்ந்தெடுத்தாள். அவளைவிட ஒரு சாண் குட்டை. வேண்டவே வேண்டாம் என்று அழுத எங்கள் அம்மாவின் வாயாலேயே, "இவனை விட்டா வேற யாரு கிடைப்பான்" என்று சொல்லவைத்தாள். எங்கள் தீராபாத் ஊர்ச் சபையில் அதுவரை எந்தப் பெண்ணும் உட்காராத இடம். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு திருட்டு நாயின் உயிர். அதோடு, அந்த நாயைத் துரத்தியே தீர்வேன் என்று நின்ற மனிதரின் உயிர். இந்த இரண்டையும் அவள் ஜெயித்தது விளக்குக் கரியால்.

இந்தக் கடைசிக் கதையை ஊரில் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். நாய் வாய் திறந்து பேசியது என்றுகூட ஒருத்தி சொல்லிக்கொண்டு திரிகிறாள். நாய் பேசவில்லை. நான் கைக்கெட்டும் தூரத்தில் நின்றேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பாரசீகத்து யஸ்த் சமவெளியில், நெருப்பைக் கும்பிடும் எங்கள் ஆட்கள் இருக்கும் ஊர்களில் நாய்க்கு ஒரு மரியாதை உண்டு. சாப்பாட்டில் முதல் கவளம் நாய்க்குப் போகும், அதன் பிறகுதான் வீட்டார் வாயில் வைப்பார்கள். யாராவது இறந்தால், குன்றின் மேல் கழுகுகளுக்கு வைக்கத் தூக்கிக்கொண்டு போவதற்கு முன் நாய் வந்து முகத்தைப் பார்க்கவேண்டும். எந்த நாயும் உதவாது. நாலு கண் நாய் வேண்டும். அதாவது, இரண்டு கண்களுக்கும் மேலே ஒவ்வொரு பொட்டு. அதன் பார்வை பட்டால்தான் பிணத்துக்குள் புகுந்துகொள்ளும் நசுஷ் என்ற பேய் ஈயாய் மாறி ஓடும். நாய் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டால், உள்ளே இன்னும் உயிர் இருக்கிறது என்று அர்த்தம்.

அந்த வசந்த காலத்தில் எங்கள் ஊரின் நாலு கண் நாய் மூப்பில் செத்துப்போனது. மிச்சம் இருந்த நாய்களில் ஊருக்கெல்லாம் தெரிந்தது என் தங்கையின் நாய்தான். தெரிந்ததற்குக் காரணம் திருட்டு. கோயில் விருந்துக்கு வைத்திருந்த ஆட்டு வால்கொழுப்பை ஒரு முறை தூக்கிக்கொண்டு ஓடியது. படையல் முட்டைகளை உடைக்காமல் வாயில் கவ்வி எடுத்துப்போகும் திறமை அதற்கு இருந்தது. எங்கள் அக்கினிக் கோயில் பூசகர் மொபெத் ஜஹான்பக்ஷின் இடது செருப்பு இன்றுவரை கிடைக்கவில்லை.

அந்த நாய்க்குப் பெயர் வைத்தவர் அர்பாப் பெஹ்மர்த். ஊர்ச் சபைத் தலைவர், நிலபுலன் உள்ளவர், கையிலிருந்து ஒரு திராட்சை விதைகூடச் சிந்தாதவர். "இது நாயா? நாயாப் பொறந்த கோர்பே!" என்றார். கோர்பே என்றால் எங்களிடம் பூனை. அதைவிடக் கேவலமாக ஒரு நாயைத் திட்ட முடியாது. முர்வாரீத் அந்தப் பெயரை அப்படியே வைத்துக்கொண்டாள். "அர்பாப் வாயிலேர்ந்து இனாமா வந்தது இது ஒண்ணுதான், விடுவானேன்" என்றாள்.

அர்பாப் வீட்டிலும் நாய்க்கவளம் எடுத்து வைப்பார்கள். எடுத்து வைத்துவிட்டு, வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, நாய் வரவில்லை என்று சொல்லி அதையும் அவரே சாப்பிட்டுவிடுவார். கோர்பே வந்துவிட்டால் கோலை எடுப்பார். அதனால் அவரைக் கண்டாலே கோர்பே முகத்தைத் திருப்பிக்கொள்ளும். இதை மறக்கவேண்டாம், பின்னால் வேண்டியிருக்கிறது.

படையல் முட்டைகள் மறுபடி காணாமல் போனதும் சபை கூடி முடிவு செய்தது. மறுநாள் காலை பாலைவனத்துக்குப் போகும் உப்பு வண்டிக்காரனிடம் கோர்பேயை ஒப்படைத்துவிடவேண்டும். உப்பு வெட்டும் இடத்தில் புல்கூட முளைக்காது. அங்கே போன நாய் எதுவும் திரும்பியதில்லை.

அன்று பிற்பகல் எங்கள் வீட்டு முற்றத்தில் தீரந்தாஸ் மாமா தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அம்மாவின் தம்பி. பம்பாயில் பல வருஷம் டீக்கடை நடத்திவிட்டு, வயிற்றையும் வாயையும் வளர்த்துக்கொண்டு ஊர் திரும்பியவர். தேநீர் இனாம் என்பதால் அர்பாப் பெஹ்மர்தும் வந்து உட்கார்ந்திருந்தார். முர்வாரீத் மூலையில் கோர்பேயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து சாப்பிடவில்லை.

அவளைச் சிரிக்கவைக்க நினைத்தோ என்னவோ, மாமா ஆரம்பித்தார்.

"பம்பாய்ல என் கடைக்கு ஒரு பிராமணர் வருவாரு. டீயைத் தொடமாட்டாரு. வாசல்ல நின்னு சண்டை மட்டும் போட்டுட்டுப் போவாரு. ஒருநாள், 'செத்தா நீங்கள்லாம் எங்கடா போவீங்க'ன்னாரு. செத்தவங்க கடக்கற பாலத்துக்குப் போவோம்னேன். பாலத்துக்கு யாரு காவல்னாரு. நாய்தான், எங்கூர்ல நாலு கண்ணுன்னு சொல்லுவோம்னேன். மனுஷன் குதிச்சாரு பாரு! 'அது எங்க எமனோட நாய்டா, எப்படா திருடினீங்க'ன்னு!"

"எமன் யாரு?" என்றாள் அம்மா.

"நம்ம ஜம் ராஜாதான்க்கா."

"ஜம் ராஜாவா! பொன்னா ஆண்ட மனுஷன். சாவே இல்லாம ஊரை வெச்சிருந்தவரு."

"அவரேதான். அங்க அவருதான் முதல்ல செத்தவரு. முதல்ல போனவனுக்குத்தானே வழி தெரியும்னு அந்த வேலையிலேயே உட்கார வெச்சுட்டாங்க. எருமை மேல ஏத்தி, கையில ஒரு கயிறும் குடுத்து, வீடு வீடா ஆள் பிடிக்க அனுப்பறாங்க."

அம்மா கன்னத்தில் கை வைத்தாள். "அடப்பாவமே. எருமையா?"

"இன்னும் கேளு. நாம பூசைக்கு ஹோமச் செடி இடிக்கிறோம், அவங்க சோமம்னு ஒண்ணு இடிச்சிருக்காங்க. நம்ம மேஹ்ரை அவங்க மித்திரன்னு கும்பிட்டிருக்காங்க. ஆனா நாம பேய்னு காறித் துப்பற திவ் இருக்கானே, அவன் அங்க தேவன், தெய்வம். அவங்களுக்கு அசுரன்னா பேய். நமக்கு அவர்தான் கடவுள், ஹோர்மஸ்த்."

அர்பாப் கோப்பையைக் கீழே வைத்தார். காலி செய்துவிட்டுத்தான் வைத்தார். "தீரந்தாஸ், அடுத்த தடவை பம்பாய் போறப்ப காதை இங்கயே கழட்டி வெச்சுட்டுப் போ."

"ஏன் அர்பாப் கோவிச்சுக்கறீங்க? அண்ணன் தம்பி பாகம் பிரிச்சா இப்படித்தான். ஒருத்தன் கும்பிட்டதை இன்னொருத்தன் ஏசுவான். ஆனா பாருங்க, நாயை மட்டும் ரெண்டு பேருமே விட்டுக் குடுக்கல. ஒரே வீட்டு நாய், ரெண்டு வாசல்ல காவல் நிக்குது."

மூலையிலிருந்து முர்வாரீத் கேட்டாள். "அங்கயும் நிஜமா நாலு கண்ணா மாமா?"

"எங்கடீ! இங்க மாதிரியேதான் இருக்கணும். ரெண்டு கண்ணு, மேல ரெண்டு பொட்டு. பொட்டு இருந்தா கண்ணுன்னு நாமளும் ஒத்துக்கறோம், அவங்களும் ஒத்துக்கறாங்க."

"பொட்டு இருந்தாப் போதுமா?"

"போதும்."

முர்வாரீத் அதன் பிறகு பேசவில்லை. அவள் சத்தம் போட்டால் எங்கள் வீட்டில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பேசாமல் இருந்தால்தான் பயப்படுவோம்.

மறுநாள் காலை உப்பு வண்டி சதுக்கத்தில் நின்றது. அர்பாப், மொபெத் அய்யா, இன்னும் சபையார் நின்றார்கள். முர்வாரீத் கோர்பேயைக் கயிற்றில் கட்டிக் கூட்டி வந்தாள். அது பிறந்ததிலிருந்து குளித்ததில்லை. சாம்பலில் புரண்டு என்ன நிறமென்றே தெரியாமல் இருந்தது. இப்போது கோதுமை நிறத்தில் பளிச்சென்று வந்தது. கண்களுக்கு மேலே, இரண்டு பக்கமும் ஒரே அளவில், கறுப்பாக இரண்டு பொட்டு.

"போறதுக்கு முன்னாடி குளிப்பாட்டி அனுப்பலாம்னு பார்த்தேன், மொபெத் அய்யா," என்றாள். "அழுக்குக்குக் கீழ இது இருந்திருக்கு."

மொபெத் அய்யாவுக்குப் பார்வை கொஞ்சம் மங்கல். குனிந்து, நிமிர்ந்து, மறுபடி குனிந்து பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. பழைய நாய் செத்ததிலிருந்து, இனி யாராவது இறந்தால் பக்கத்து ஊரில் போய் நாய் இரவல் கேட்கவேண்டும் என்ற கவலையில் இருந்தவர் அவர்.

"ராத்திரியோட ராத்திரியாக் கண்ணு முளைக்குமா?" என்றார் அர்பாப்.

"உங்க பல்லெல்லாம் ராத்திரியோட ராத்திரியாத்தானே விழுந்துச்சு, அர்பாப். நாங்க ஏன்னு கேட்டோமா?"

சதுக்கமே சிரித்தது. அர்பாபுக்கு அப்போது இரண்டே பல். உப்பு வண்டி உப்புக்குப் போனது. கோர்பே உத்தியோகத்துக்குப் போனது. ஊரின் நாலு கண் நாய்க்கு ஒவ்வொரு வீடும் முறை வைத்து ரொட்டியும் முட்டையும் கொடுக்கவேண்டும். அதுவரை திருடியதை அதன் பிறகு வாசலில் நின்று வாங்கிக்கொண்டது.

அந்தக் கோடை முழுவதும் எங்கள் வீட்டு விளக்குக் கண்ணாடியில் ஒரு பொட்டுக் கரி கிடையாது. முர்வாரீதே தினமும் துடைத்தாள். "பொண்ணுக்குப் பொறுப்பு வந்துடுச்சு" என்று அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லி மகிழ்ந்தாள். துடைத்த கரி எங்கே போகிறது, அதில் குழைக்க ஆட்டுக்கொழுப்பு எங்கே போகிறது என்று அம்மா கேட்கவில்லை. நான் கேட்டேன்.

"யாராவது செத்தா என்னடீ பண்ணுவே?"

"யாரும் சாகாம இருக்கணும்னு வேண்டிக்கிட்டிருக்கேன்கா."

அந்தக் கோடையில் உண்மையிலேயே யாரும் சாகவில்லை. கோர்பேதான் பருத்தது. கோர்பேயைக் கண்டு சாவே பயந்துவிட்டது என்று மாமா சொன்னார். சொல்லிவிட்டு என் தங்கையைப் பார்த்து ஒரு கண்ணை மட்டும் மூடித் திறந்தார். அவருக்கும் தெரியும் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

மாதுளை பறிக்கிற காலத்தில் அர்பாப் பெஹ்மர்துக்குப் பல்வலி வந்தது. இரண்டில் ஒன்று. வழிப்போக்கு மருந்து வியாபாரி ஒருவன் அவர் வீட்டில் தண்ணீர் குடித்ததற்காக ஒரு சிமிழ் அபின் உருண்டைகளை இனாமாகக் கொடுத்து, வலிக்கிறபோது ஒன்று போடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனான். மறுநாள் காலை அர்பாப் எழுந்திருக்கவில்லை. உடம்பு சில்லிட்டிருந்தது. எங்கள் ஊர் நாவிதர் பொலாத் நாடி பிடித்துப் பார்த்தார். மூக்கருகே கண்ணாடி வைத்துப் பார்த்தார். ஆவி படியவில்லை. தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தார்.

எங்களிடம் பொழுது சாய்ந்தபின் இறந்தவரைத் தூக்கக்கூடாது. அதனால் எல்லாம் விரைவாக நடந்தது. வெள்ளை விரித்துக் கிடத்தி, தலைமாட்டில் விளக்கு ஏற்றி, மார்பில் ரொட்டித் துண்டு வைத்து, பக்கத்துத் தட்டில் அவித்த முட்டையும் வைத்து, கோர்பேயைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அதன் முதல் வேலை.

நானும் முர்வாரீதோடு போனேன். மொபெத் அய்யா மந்திரம் சொல்லிக்கொண்டே அர்பாபின் முகத்துணியை விலக்கினார். முர்வாரீத் நாயை முன்னே விட்டாள்.

கோர்பே அர்பாபின் முகத்தைப் பார்த்ததும் சட்டென்று தலையைத் திருப்பிக்கொண்டது.

மறுபடி கொண்டுபோனார்கள். மறுபடி திருப்பிக்கொண்டது. ரொட்டியைக்கூடச் சீந்தவில்லை. கோர்பே ரொட்டியை வேண்டாம் என்றது அந்த ஊர்ச் சரித்திரத்தில் அதுவே முதல் தடவை.

மொபெத் அய்யா மந்திரத்தை நிறுத்தினார். "உள்ள உயிர் இருக்கு."

"என்ன உயிரு?" என்றார் பொலாத். "நான் கண்ணாடி வெச்சுப் பார்த்தேன். என் அப்பா காலத்துக் கண்ணாடி!"

"உன் கண்ணாடிக்கு எத்தனை கண்ணு பொலாத்? அதுக்கு நாலு."

அர்பாபின் மனைவி தவ்லத் அழுகையை நிறுத்திவிட்டு விழித்தாள். அர்பாபின் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்த மருமகன் ஒரு கையை மெதுவாக வெளியே எடுத்தான். எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு கையை உள்ளேயே வைத்துக்கொண்டான்.

முர்வாரீத் என் காதில் சொன்னாள். "அக்கா, அவரு உயிரோட இருக்காருன்னு அது திரும்பல. போன வாரம் கோலால அடிச்சாரு. அதான் திரும்புது."

"சும்மா இருடீ."

"எப்படிக்கா சும்மா இருக்கறது? பொழுது போயிட்டா தூக்க முடியாது. என் கரிப்பொட்டுக்காக ஒரு மனுஷன் வழி தெரியாமக் கிடக்கணுமா?"

சொன்னால் கோர்பே உப்புக்குப் போகும். அது அவளுக்குத் தெரியும். அடுத்த வண்டி சதுக்கத்தில்தான் நின்றது, வரும்போது நாங்களே பார்த்தோம். அவள் குனிந்து கோர்பேயின் காதுகளுக்கு நடுவே ஒரு முத்தம் வைத்தாள். பிறகு நிமிர்ந்து, "மொபெத் அய்யா, இந்த நாய்க்கு..." என்று ஆரம்பித்தாள். அவள் ஆரம்பித்தாள் என்பதை நெருப்பின் மீது சத்தியமாகச் சொல்வேன்.

அப்போது கீழேயிருந்து ஒரு குரல் வந்தது.

"பட்டப்பகல்ல எதுக்குடீ விளக்கு?"

அர்பாப் பெஹ்மர்த் உட்கார்ந்திருந்தார்.

அந்த அறைக்கு ஒரே வாசல். அதில் ஒரே நேரத்தில் எத்தனை பேர் போகலாம் என்று அன்றுதான் தெரிந்தது. பொலாத் கண்ணாடியைப் போட்டுவிட்டு ஓடினார். மருமகன் ஒற்றைக் கைக் கோட்டோடு சுவரேறிக் குதித்தான். முற்றத்தில் போய் நின்றுகொண்டு எல்லாரும் உள்ளே எட்டிப் பார்த்தோம்.

"அது அர்பாப் இல்ல!" என்று கத்தினார் பொலாத். "நசுஷ் உள்ள புகுந்து உட்கார்ந்திருக்கு!"

"நான்தான்டா, முட்டாளே!"

"பேயும் அப்படித்தான் சொல்லும்!"

தவ்லத் மட்டும் பதறவில்லை. "இவருதான்," என்றாள் சலிப்போடு. "செத்தும் எண்ணெய்க்கணக்குப் பார்க்கறது உலகத்துல வேற யாரு?"

ஆனால் மொபெத் அய்யா தாடியைத் தடவினார். இறந்தவராகக் கிடத்தியாகிவிட்டது, மந்திரமும் பாதி ஆகிவிட்டது. இப்போது எழுந்து உட்கார்ந்திருப்பது மனிதனா பேயா என்று மனைவி சொல்லி முடிவு செய்ய முடியாது. நாய்தான் சொல்லவேண்டும். நாலு கண் நாய் நேருக்கு நேர் முகத்தைப் பார்க்கட்டும். பேயாக இருந்தால் ஓடிவிடும், மனிதராக இருந்தால் மனிதர் மிஞ்சுவார்.

"பொழுது சாயறதுக்குள்ள அது பார்க்கலேன்னா?" என்று கேட்டார் அர்பாப். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"வழக்கம்போலக் குன்று மேல கொண்டுபோய் வெச்சுடுவோம்," என்றார் பொலாத்.

"பயப்படாதீங்க அர்பாப்," என்றார் தீரந்தாஸ் மாமா. "நீங்க நீங்களா இருந்தா அங்கேர்ந்து நடந்து வந்துடலாம். கழுகுங்க அனுமதிச்சா."

இப்போது அறைக்குள் இரண்டே பேர். வெள்ளைத் துணியைச் சுற்றிக்கொண்டு அர்பாப். ஒரு மூலையில், சுவரைப் பார்த்துக்கொண்டு கோர்பே.

"ஏய், இங்க வா," என்றார் அர்பாப்.

கோர்பே சுவரை ரசித்தது.

"வாடா கோர்பே!"

வாசலிலிருந்து முர்வாரீத் சொன்னாள். "அது பொண்ணு, அர்பாப். அதுமட்டுமில்ல, ஊர் உத்தியோகஸ்தர். மரியாதையாக் கூப்பிடுங்க."

அர்பாப் அவளை முறைத்தார். பிறகு வாசலுக்கு வெளியே சாயும் வெயிலைப் பார்த்தார்.

"வாங்கம்மா," என்றார். "கோர்பேம்மா, வாங்க."

முற்றத்தில் யாரோ வாயைப் பொத்திக்கொண்டு விக்கியது கேட்டது. அம்மா என்று நினைக்கிறேன்.

கோர்பே ஒரு காதை மட்டும் திருப்பியது. அர்பாபின் கண் தட்டுக்குப் போனது. அவித்த முட்டை. முந்தின நாளிலிருந்து அவர் ஒன்றும் சாப்பிடவில்லை. முட்டையைக் கையில் எடுத்தார். நாயைப் பார்த்தார். முட்டையைப் பார்த்தார். கை தன்னாலேயே வாய்ப்பக்கம் போனது.

"அர்பாப்!" என்று முற்றம் முழுவதும் ஒரே குரலாகக் கத்தினோம்.

கை நின்றது. அவர் முட்டையை இரண்டாகப் பிட்டார். ஒரு பாதியைத் தரையில் வைத்தார். கோர்பே வந்து தின்றுவிட்டு, அவர் முகத்தை மட்டும் கவனமாகத் தவிர்த்துவிட்டு நின்றது. அர்பாப் பெருமூச்சு விட்டார். அந்தப் பெருமூச்சில் ஒரு ஆயுளின் சிக்கனம் முழுவதும் இருந்தது. மறுபாதியை உள்ளங்கையில் வைத்து நீட்டினார். தன் கையால் அவர் ஒரு உயிருக்கு ஊட்டியது அதுதான் முதல் தடவை என்று தவ்லத் பின்னால் சொன்னாள்.

கோர்பே உள்ளங்கையில் தின்றது. நக்கியது. பிறகு தலையைத் தூக்கி அவர் முகத்தை நேராகப் பார்த்தது.

இன்னும் ஏதாவது உண்டா என்று பார்த்த பார்வை அது. மொபெத் அய்யா அதைச் சாட்சியாக எடுத்துக்கொண்டு, "மனுஷர்தான்! ஹோர்மஸ்துக்கு நன்றி!" என்று கைகளைத் தூக்கினார். எல்லாரும் உள்ளே ஓடினோம். மருமகன் கோட்டைக் கழற்றி மடித்து மாமனார் பக்கத்தில் வைத்தான். அவர் கேட்கும் முன்பே, பொத்தான்கள் எல்லாம் சரியாக இருக்கின்றன என்றும் சொன்னான்.

அர்பாபின் கண்கள் கலங்கியிருந்தன. எவ்வளவோ கோல் வீசிய அந்தக் கையால் கோர்பேயின் நெற்றியைத் தடவினார். ஒரு தடவை, அழுத்தமாக. கையை எடுத்தார்.

உள்ளங்கை கறுப்பாக இருந்தது.

அவர் எதிரே உட்கார்ந்திருந்தது முர்வாரீத். பக்கத்தில் நான். வேறு யாரும் பார்க்கவில்லை. அர்பாப் கையைப் பார்த்தார். நாயைப் பார்த்தார், அதற்கு இப்போது மூன்று கண்தான் இருந்தது. பிறகு என் தங்கையைப் பார்த்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"என்ன பார்த்தீங்க அர்பாப்?" என்று மொபெத் அய்யா ஆவலோடு குனிந்தார். "அந்தப் பக்கம் என்ன இருந்துச்சு? பாலம் தெரிஞ்சுதா?"

அர்பாப் உள்ளங்கையை மெதுவாக மூடினார். இந்தக் கையைத் திறந்து காட்டினால் நாய் உப்புக்குப் போகும். நாயின் சாட்சியும் உப்புக்குப் போகும். சாட்சி போனால் பொலாத் சொல்வதுதான் மிஞ்சும். வெயிலும் இன்னும் முழுதாக இறங்கவில்லை. இதையெல்லாம் அவர் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. கணக்கில் அவர் கெட்டிக்காரர்.

"தெரிஞ்சுது," என்றார். "பாலத்துக்கிட்ட ஒரு நாய் நின்னுச்சு."

"எத்தனை கண்ணு?"

"நாலு," என்றார் அர்பாப் பெஹ்மர்த். "எண்ணிப் பார்த்தேன். கோதுமை நிறம். இவங்க மாதிரியேதான். என்னைப் பார்த்ததும், இன்னும் நேரம் இருக்குன்னு மூஞ்சியைத் திருப்பிக்கிச்சு."

"எமனோட நாய் கறுப்பும் புள்ளியுமா இருக்கும்னாரே அந்த பிராமணர்," என்று மாமா முணுமுணுத்தார்.

"அவரு செத்துப் பார்த்தாரா? நான் பார்த்தேன்," என்றார் அர்பாப்.

தேநீர் கொண்டுவந்தார்கள். அவர் இடது கையால் வாங்கிக் குடித்தார். வலது கை மூடியே இருந்தது. அபின் உருண்டைகளைப் பற்றி அப்போதுதான் வாயைத் திறந்தார். ஒன்றுதானே போடச் சொன்னான் என்று தவ்லத் கேட்டதற்கு, மிச்சம் வீணாகப் போய்விடும் என்பதால் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டதாகச் சொன்னார். இனாமாக வந்த மருந்து, சிமிழில் கிடந்து கெட்டுப்போகலாமா என்றார்.

நாங்கள் கிளம்பும்போது முர்வாரீதைக் கிட்டே கூப்பிட்டார். நான் அருகே இருந்ததால் கேட்டது.

"ஏய், ஒரு கண்ணை அழிச்சுட்டேன். யாரும் பார்க்கறதுக்குள்ள கூட்டிட்டுப் போய்ப் போட்டுவிடு. இந்தத் தடவை கொழுப்பைக் குறைச்சுக்கோ, வழுக்குது."

அந்தக் குளிர்காலத்தில் கோர்பே குட்டி போட்டது. அதில் ஒன்றுக்குக் கண்களுக்கு மேலே இரண்டு பொட்டு. செய்தி கேட்டதும் முதலில் வந்தவர் அர்பாப்தான். குட்டியைத் தூக்கி, விரலை நக்கி ஈரமாக்கி, ஒவ்வொரு பொட்டையும் நன்றாகத் தேய்த்துப் பார்த்தார். விரல் வெள்ளையாகவே வந்தது. "இது பொறவிக்கண்ணு," என்று முர்வாரீதிடம் மட்டும் கேட்கும்படி சொன்னார். ஊரில் பின்னால் இறந்தவர்களை எல்லாம் பார்த்தது அந்தக் குட்டிதான். கோர்பேக்கு ரொட்டியும் முட்டையும் கடைசிவரை குறையவில்லை. அர்பாபின் உயிரைக் காத்தவர் என்ற கணக்கில். அவர் வீட்டு முறை வரும் நாளில் நாய்க்கவளத்தை அவரே வாசலில் நின்று கொடுத்தார். மிகச் சிறிய கவளம்தான். ஆனாலும் கொடுத்தார்.

அதே குளிர்காலத்தில் வரும் எங்கள் மேஹ்ர் திருநாளுக்கு முன் சபை கூடியபோது அர்பாப் ஒன்று சொன்னார். ஊர் நாயைப் பராமரிப்பவருக்குச் சபையில் ஒரு இடம் வேண்டும். அந்த இடம் முர்வாரீதுக்கு. பெண்ணா என்று இருமினவர்களிடம், "செத்துட்டு வந்தவன் சொல்றேன், அந்தப் பக்கம் என்ன கேட்கறாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்றார். இருமல் நின்றது. எழுத்துத் தெரியாதவள் என்பதால் சபை ஏட்டில் கைநாட்டு வைக்கட்டும் என்று மை கொண்டுவந்தார்கள். அர்பாப் மையைத் தள்ளி வைத்தார்.

"கைநாட்டு வேண்டாம். கறுத்த கையைப் பார்த்தா எனக்கு ஆகாது. பேரை எழுதட்டும்."

எல்லாரும் சிரித்தார்கள். ஏன் சிரிக்கிறோம் என்று மூன்று பேருக்குத்தான் தெரியும். மாமாவைச் சேர்த்தால் நாலு.

நான் நாலாம் வகுப்புவரை படித்தவள், அதனால் திருநாளுக்குள் அவளுக்கு எழுதக் கற்றுக்கொடுக்கும் வேலை எனக்கு வந்தது. அவளோ பள்ளிக்கூடத்து வாசலில் கோர்பேயின் அம்மாவைக் கட்டிவைக்க மறுத்ததால் முதல் நாளே வீட்டுக்கு வந்தவள். திருநாள்வரை அடுப்பங்கரைச் சுவர் முழுவதும் அவள் பெயராகவே இருந்தது. அம்மா சுண்ணாம்பு அடித்து அடித்து ஓய்ந்துபோனாள்.

அன்று நல்ல குளிர். கோயில் முற்றத்தில் ஆட்டிறைச்சி வெந்துகொண்டிருந்தது. வாக்கைக் காக்கிறவர் மேஹ்ர். அவர் நாளில் எழுதிய கையெழுத்தை யாராலும் மாற்ற முடியாது என்று மொபெத் அய்யா சொன்னார். அதே தெய்வத்தைப் பம்பாய்ப் பக்கத்தாரும் ஒரு காலத்தில் சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று மாமா சேர்த்துக்கொண்டார். யாரும் காதைக் கழற்றி வைக்கச் சொல்லவில்லை. மை, விளக்குக் கரியில் செய்தது. என் தங்கை நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக, கோணலாக எழுதினாள். எங்கள் எழுத்தில் அவள் பெயருக்கு இரண்டு புள்ளி உண்டு. அவற்றை மட்டும் கை நடுங்காமல், ஒரே அளவில், அழுத்தமாக வைத்தாள். அதில் அவளுக்குப் பழக்கம் இருந்தது. எதிரே அர்பாப் தன் உள்ளங்கையை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். வாசலில் கோர்பே, இறைச்சிப் பானையை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டிருந்தது.

சபை ஏட்டில் தேதி, எங்கள் கணக்கில்: யஸ்தகர்த் ஆண்டு ஆயிரத்து முந்நூற்று ஐந்து, மேஹ்ர் மாதம், மேஹ்ர் நாள்.